எஞ்சினும் கியர்பாக்ஸும் மாற்றிய ட்ரக்குக்குச் சரியான டிரைவ் ஷாஃப்ட்: அளவெடுப்பது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

பிக்கப் ட்ரக்கில் வேறு எஞ்சினும் வேறு கியர்பாக்ஸும் ஏற்றியவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, "இதுக்கு எந்த வண்டியோட ஷாஃப்ட் சேரும்?" என்பதுதான். ஷாஃப்ட் என்றால் டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் குழாய். வண்டியின் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே மாடலில்கூட வீல்பேஸ் மாறினால் ஷாஃப்ட் மாறும். கேபின் நீளம், கியர்பாக்ஸ் வகை, நான்கு சக்கர ஓட்டம் உண்டா இல்லையா, பின் ஹவுசிங் (பின் ஆக்ஸிலும் அதன் கியர்களும் இருக்கும் கூடு) எது என்று எது மாறினாலும் அதேதான். அப்படியிருக்க, தொழிற்சாலை ஒருபோதும் சேர்த்துப் பார்க்காத ஒரு கூட்டணியை நீங்கள் உருவாக்கியிருக்கிறீர்கள். அதற்கான ஷாஃப்ட் பட்டியலில் இருக்காது. அளவிலிருந்துதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க வேண்டியவை ஐந்து: கியர்பாக்ஸ் பக்க முனை, ஹவுசிங் பக்க முனை, நீளம், கோணம், குழாயின் விட்டம். பலரும் நீளத்தை மட்டும் அளந்துகொண்டு ஓடுகிறார்கள். உள்ளதிலேயே சுலபமானது நீளம்தான். வண்டி உதறுவது பெரும்பாலும் மற்ற நான்கினால்.

அளவு நாடாவை எடுப்பதற்கு முன்

ஷாஃப்ட் கடைசி வேலை. எஞ்சின் மவுன்ட், கியர்பாக்ஸ் மவுன்ட், கிராஸ் மெம்பர் (சேஸின் குறுக்குச் சட்டம்) எல்லாம் இறுதியாகப் பொருத்தி முறுக்கியிருக்க வேண்டும். மரக்கட்டையில் முட்டுக் கொடுத்து நிற்கும் கியர்பாக்ஸை வைத்து அளந்தால், பின்னால் மவுன்ட் போடும்போது அது ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். சைலன்ஸர் குழாய் போகும் பாதையும் முடிவாகியிருக்கட்டும். உடல் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ எண்ணமிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். டயர் அளவு மாறப்போகிறது என்றால் அதையும் இப்போதே தீர்மானியுங்கள், பின்னால் கணக்கில் வரும்.

வண்டி தன் எடையோடு நிற்க வேண்டும், சமதளத்தில். ஏற்றி வேலை செய்யத்தான் வேண்டுமென்றால் ஸ்டாண்டை சேஸுக்கு அடியில் கொடுக்காமல் ஹவுசிங்குக்கு அடியில் கொடுங்கள். சேஸைத் தூக்கினால் ஹவுசிங் தொங்கிவிடும். நீளம், கோணம் இரண்டும் பொய்யாகும். அடியில் போவதற்கு முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். ஷாஃப்ட் இல்லாத வண்டியில் கியரில் போட்டு நிறுத்தினாலும் பார்க்கிங்கில் போட்டு நிறுத்தினாலும் பயனில்லை. பின் சக்கரங்களைப் பிடித்து வைக்க அங்கே எதுவும் இல்லை.

முன் முனை: கியர்பாக்ஸ் என்ன கேட்கிறது

கியர்பாக்ஸின் பின்பக்கம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, பல் வெட்டிய அவுட்புட் ஷாஃப்ட். அதன்மேல் ஸ்லிப் யோக் (உள்ளே பல் வெட்டிய உருளையும் இரண்டு காதுகளும் கொண்ட கவை முனை) சறுக்கிக்கொண்டு ஏறும். மற்றொன்று, போல்ட்டால் இறுக்கிய ஃபிளாஞ்ச் (துளையிட்ட தட்டு) அல்லது யோக், அது நகராது. இரண்டாவது வகையென்றால் சறுக்கும் பகுதி ஷாஃப்ட்டிலேயே இருக்க வேண்டும். ஓட்டத்தில் ஹவுசிங் மேலும் கீழும் அசையும்போது நீளம் மாறுகிறது. அந்த மாற்றத்தை ஏற்க எங்காவது ஒரு சறுக்கு இருந்தே ஆக வேண்டும்.

ஸ்லிப் யோக் வகையில் பல் எண்ணிக்கையை நேரில் எண்ணுங்கள். ஒரு பல்லில் பெயிண்ட் வைத்துவிட்டுச் சுற்றி எண்ணினால் தவறாது. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கியர்பாக்ஸ்களில் டர்போ 350, 700ஆர்4, 4எல்60இ ஆகியவற்றுக்கு 27 பல்; டர்போ 400, 4எல்80இ இரண்டுக்கும் 32 பல். ஃபோர்டில் சி4-க்கு 28, சி6-க்கு 31. கிரைஸ்லர் 727-க்கு 30. ஆகவே டர்போ 350 இருந்த இடத்தில் 4எல்80இ ஏற்றியவருக்குப் பழைய யோக் எந்த வழியிலும் ஆகாது. அதே இடத்தில் 700ஆர்4 ஏற்றியவருக்குப் பழைய யோக்கே உதவலாம், நீளம் மட்டும் மாறும்.

பல் எண்ணிக்கை ஒத்துப்போனதோடு விட்டுவிடக் கூடாது. யோக்கின் உருளைப் பகுதியின் வெளிவிட்டம், கியர்பாக்ஸ் வாலிலுள்ள புஷ்ஷுக்கும் ஆயில் சீலுக்கும் பொருந்த வேண்டும். உருளையின் நீளமும் முக்கியம். குட்டையாக இருந்தால் பல் போதுமான அளவு கடிக்காது; நீளமாக இருந்தால் உள்ளே முட்டும். சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அந்த யோக்கை விட்டுவிடுங்கள். புது சீல் போட்டாலும் ஆயில் கசியும்.

நான்கு சக்கர ஓட்ட வண்டியில் இந்த அளவுகளை எடுக்க வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸின் (சுழற்சியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்முனையில். கியர்பாக்ஸ் முன்னே பின்னே நகர்ந்திருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸும் கூடவே நகர்ந்திருக்கும். அப்போது முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டையும் இதே வரிசையில் தனியாக அளக்க வேண்டும்.

பின் முனையும் கிராஸும்

கிராஸ் என்பது இரண்டு யோக்குகளைக் கோணத்தில் இணைக்கும் கூட்டல்குறி வடிவ மூட்டு; அதன் நான்கு கைகளிலும் ஊசி பேரிங் உள்ள கிண்ணம் இருக்கும். ஹவுசிங்கின் பினியன் (ஷாஃப்ட்டின் சுழற்சியை வாங்கும் சிறு கியர்) மேலுள்ள யோக் எந்த கிராஸை ஏற்கும் என்று பார்க்க வேண்டும். கிராஸுக்கு இரண்டு அளவுகள் போதும்: கிண்ணத்தின் விட்டம், எதிரெதிர்க் கிண்ணங்களின் வெளி முகத்துக்கிடையே உள்ள அகலம். வெர்னியரில் எடுங்கள், நாடாவில் வேண்டாம். ஸ்பைசர் என்ற தயாரிப்பாளரின் வரிசையில் அந்த அளவுகள் இப்படி அமைந்திருக்கின்றன:

1310: கிண்ணம் 27.0 மி.மீ., அகலம் 81.8 மி.மீ.
1330: கிண்ணம் 27.0, அகலம் 92.1
1350: கிண்ணம் 30.2, அகலம் 92.1
1410: கிண்ணம் 30.2, அகலம் 106.4
1480: கிண்ணம் 34.9, அகலம் 106.4

இதை மேலிருந்து கீழாகப் படித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 1310-க்கும் 1330-க்கும் கிண்ணம் ஒன்று, அகலம் வேறு. 1330-க்கும் 1350-க்கும் அகலம் ஒன்று, கிண்ணம் வேறு. கீழே போகப் போக இதே மாதிரி மாறி மாறி வருகிறது. ஒரே ஒரு அளவை எடுத்துவிட்டு "இது 1330தான்" என்று முடிவுகட்டினால் பாதிக்குப் பாதி தப்பாகும் வாய்ப்பு இருப்பது இதனால்தான்.

கிளிப் எங்கே உட்காருகிறது என்றும் பாருங்கள். மேலே சொன்ன அகலங்கள் யோக் காதின் வெளிப்பக்கத்தில் கிளிப் போடும் வகைக்கானவை. உள்பக்கத்தில் கிளிப் போடும் வகைகளும் உண்டு. அவற்றை கிளிப் காடிகளுக்கு இடையே அளக்க வேண்டும். சில தொழிற்சாலை ஷாஃப்ட்களில் கிளிப்பே இருக்காது. உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்திக் கிண்ணத்தைப் பூட்டியிருப்பார்கள். அதைச் சூடேற்றி இளக்கித்தான் கழற்ற முடியும்.

ஷாஃப்ட் ஒரு வரிசை, பினியன் யோக் வேறு வரிசை என்றால் கலப்பு கிராஸ் கிடைக்கும். ஒரு பக்கக் கை 1310, மறு பக்கக் கை 1330 என்று. தேவைப்பட்டால் போடலாம், கெட்ட பொருள் இல்லை. ஆனால் அதன் பலம் இரண்டில் சிறியதன் பலம்தான். எஞ்சின் பலத்தைக் கூட்டியிருக்கிறீர்கள் என்றால் பினியன் யோக்கையே பெரிய வரிசைக்கு மாற்றுவதுதான் என் பரிந்துரை. பினியன் நட்டைக் கழற்றும் முன் அது நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே நசுங்கும் ஸ்லீவ் இருக்கும் ஹவுசிங்கில் நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுத்திருக்கும் இறுக்கம் கெடும்.

நீளம்

ஸ்லிப் யோக்கைக் கியர்பாக்ஸுக்குள் முட்டும்வரை தள்ளுங்கள். அங்கிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுத்து நிறுத்துங்கள். அந்த நிலையில் யோக்கின் கிராஸ் துளை மையத்திலிருந்து பினியன் யோக்கில் கிராஸ் உட்காரும் இடத்தின் மையம் வரை அளந்தால் அதுதான் ஷாஃப்ட்டின் மையத்துக்கு மைய நீளம். இரண்டு பக்கமும் ஃபிளாஞ்ச் என்றால் முகத்துக்கு முகம் அளந்து, ஷாஃப்ட்டின் சறுக்கு தன் ஓட்டத்தின் நடுவில் நிற்கும்படி கேளுங்கள்.

அந்த 25 மி.மீ. இடைவெளியை யாரும் சாப்பிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிப் பள்ளத்தில் விழும்போது யோக் உள்ளே முட்டினால் அந்த இடி அவுட்புட் ஷாஃப்ட்டின் வழியாகக் கியர்பாக்ஸ் பேரிங்குக்கும் கூட்டுக்கும் போகும். மறுபுறம், ஷாஃப்ட் குட்டையாகிப் போனால் யோக் நுனியில் தொங்கிக்கொண்டு ஆடும். புஷ்ஷும் சீலும் சீக்கிரம் தேயும். பட்டை ஸ்பிரிங்கில் நீண்ட அசைவு உள்ள வண்டியென்றால், ஹவுசிங்கை முழுக்கத் தொங்கவிட்டு ஒருமுறையும் முழுக்க அமுக்கி ஒருமுறையும் அளந்து, இரண்டு முனையிலும் சறுக்கு தாங்குகிறதா என்று பாருங்கள்.

கோணம்

அதிகம் பேர் தாண்டிப் போகும் இடம் இது. அதிகம் பேர் அவதிப்படுவதும் இதனால்தான்.

ஒரு கிராஸ் கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வரும் சுற்று சீராக இருந்தாலும் வெளியே போவது சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். மறுமுனைக் கிராஸ் அதே கோணத்தில் நின்றால் இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே ஈடுகட்டிவிடும். இதற்காகத்தான் கியர்பாக்ஸ் அச்சும் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்கிறோம். ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் வெல்டு ஆகியிருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

டிஜிட்டல் கோணமானி இருந்தால் நல்லது. கோணம் காட்டும் ரசமட்டமும் போதும். மூன்று சரிவுகளை எடுங்கள்: கியர்பாக்ஸ் அவுட்புட், ஷாஃப்ட், பினியன். கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி இறங்குகிறது, ஷாஃப்ட் 5 டிகிரி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் கிராஸின் கோணம் 2 டிகிரி. பினியன் அச்சும் பின்னோக்கி 3 டிகிரி இறக்கத்தில் இருந்தால் பின் கிராஸும் 2 டிகிரி. இதுதான் வேண்டும். இரண்டு கோணங்களுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் 1 முதல் 3 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி.

சுழியம் இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. கோணமே இல்லாவிட்டால் கிண்ணத்துக்குள் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். கிராஸில் பள்ளம் விழுந்துவிடும். குறைந்தது அரை டிகிரியாவது வேண்டும். மேல் எல்லை வேகத்தைப் பொறுத்தது. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது 5.8 டிகிரி வரை போகலாம் என்றால், 5,000 சுற்றில் 3.2 டிகிரிதான் எல்லை.

மேலிருந்து பார்க்கும் கோணத்தையும் மறக்க வேண்டாம். புது எஞ்சினை ஸ்டியரிங் பாக்ஸுக்கு இடம் விட்டு ஒரு பக்கமாக நகர்த்தி வைத்திருந்தால் ஷாஃப்ட் குறுக்காகவும் ஓடும். பக்கவாட்டில் 2 டிகிரி, மேல் கீழாக 3 டிகிரி என்றால், இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் உண்மைக் கோணம் 3.6 டிகிரி.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் ஒரு விசேஷம் உண்டு. ஆக்ஸிலேட்டர் மிதித்தவுடன் பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கைத் தூக்கும். ஆகவே நிற்கும் நிலையில் பினியனை இணைநிலையைவிட 1 அல்லது 2 டிகிரி தாழ்த்தி வைத்தால், பாரத்தில் அது சரியான இடத்துக்கு வரும். பட்டைக்கும் ஹவுசிங்கின் இருக்கைக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைத்து இதைத் திருத்தலாம். உயரம் மிகவும் கூட்டிய வண்டியில் கோணம் எப்படிச் செய்தும் அடங்காவிட்டால் கியர்பாக்ஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் கொண்ட ஷாஃப்ட் ஒரு வழி. அப்போது விதி மாறிவிடும்: பினியன் கியர்பாக்ஸுக்கு இணையாக நிற்காமல் ஏறத்தாழ நேராக ஷாஃப்ட்டை நோக்கி நிற்க வேண்டும்.

குழாயின் விட்டம்: வேகக் கணக்கு

நீளமான குழாய் குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டும்போது நடுவில் வில்லாக வளைந்து துள்ளத் தொடங்கும். அதுதான் கிரிட்டிகல் ஸ்பீடு. அதைத் தொட்டால் ஷாஃப்ட் பிய்த்துக்கொண்டு போகும் அபாயம் உண்டு. பாலன்ஸ் செய்துவிட்டால் தப்பிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. பாலன்ஸ் இந்த வேகத்தை மாற்றாது.

முதலில் உங்கள் ஷாஃப்ட் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று பாருங்கள். டயர் விட்டம் 750 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 2.36 மீட்டர் போகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 707 சுற்று. ஹவுசிங் விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் சுற்றும் அளவு) 3.73 என்றால் ஷாஃப்ட் 2,640 சுற்று. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் 3,170. ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட ஷாஃப்ட்டை வேகமாகச் சுற்றும் கியர்) உள்ள கியர்பாக்ஸுக்கு மாறியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 0.70 விகிதத்தில் எஞ்சின் 2,000 சுற்றில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்க, ஷாஃப்ட் 2,857 சுற்றில் போய்க்கொண்டிருக்கும். எஞ்சின் மீட்டரைப் பார்த்து ஷாஃப்ட் வேகத்தை ஊகிக்கக் கூடாது.

இப்போது எஃகுக் குழாயின் எல்லை. மி.மீ. அளவில் வெளிவிட்டத்தின் வர்க்கத்தையும் உள்விட்டத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். அதை 11.9 கோடியால் பெருக்கி, மையத்துக்கு மைய நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். கிடைப்பது நிமிடத்துக்கான சுற்று. அதில் 75 சதவீதத்துக்கு மேல் போகாதிருப்பது பாதுகாப்பு.

76 மி.மீ. வெளிவிட்டம், 2.1 மி.மீ. சுவர்க் கனம் உள்ள குழாய் 1,500 மி.மீ. நீளத்தில் 5,530 சுற்று தாங்கும். 75 சதவீதம் என்றால் 4,150. அதே குழாயை 1,800 மி.மீ. ஆக்கினால் 3,840-க்கு விழும். பாதுகாப்பு எல்லை 2,880. மேலே பார்த்த வண்டி மணிக்கு 120 கி.மீ. தொட்டால் 3,170 ஆகிறது, ஆக இந்தக் குழாய் ஆகாது. குழாயை 100 மி.மீ. விட்டத்துக்கு மாற்றினால் 5,090 வருகிறது. பாதுகாப்பு எல்லை 3,800-க்கு மேல். நீளம் கொஞ்சம் கூடினாலும் எல்லை மளமளவென்று இறங்குவதைப் பாருங்கள். புது கியர்பாக்ஸ் குட்டையாக இருந்து ஷாஃப்ட் நீண்டுவிட்டால் இந்தக் கணக்கைப் போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அலுமினியக் குழாய் லேசானது, அதனால் எல்லை கூடும் என்பார்கள். அதே அளவுக் குழாயில் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் எல்லை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏனென்றால் எடை குறையும் அதே விகிதத்தில் விறைப்பும் குறைகிறது. அலுமினிய ஷாஃப்ட்களைப் பெரிய விட்டத்தில் செய்வதால்தான் அவை அதிக வேகம் தாங்குகின்றன.

விட்டத்தை முடிவு செய்யும் முன் குழாய் போகும் வழியில் சைலன்ஸர், பெட்ரோல் டேங்க், கிராஸ் மெம்பர், ஹேண்ட் பிரேக் கேபிள் எதிலும் உரசாதா என்றும் பாருங்கள்.

பலம்

எஞ்சின் முறுக்கு விசையை முதல் கியர் விகிதத்தால் பெருக்குங்கள்; ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வெர்ட்டருக்காக இன்னொரு 2. எஞ்சின் 400 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.06 என்றால் 2,448. ஆனால் டயர் வழுக்கத் தொடங்கிவிட்டால் அதற்குமேல் ஷாஃப்ட்டுக்கு விசை ஏறாது. பின் ஆக்ஸிலில் 2,000 கிலோ பாரம், காய்ந்த தாரில் 0.85 பிடிப்பு, டயர் ஆரம் 0.375 மீட்டர், விகிதம் 3.73 என்றால் அந்த எல்லை சுமார் 1,680. இரண்டில் சிறியதுதான் உங்கள் எண். அதை கிராஸ் தயாரிப்பாளர் தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வெற்று வண்டியின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ட்ரக் பாரம் ஏற்றத்தான் இருக்கிறது.

பழையதைத் திருத்துவதா, புதிதாகச் செய்வதா

பழைய ஷாஃப்ட் தேவையைவிட நீளமாக இருந்து, முனைகளும் விட்டமும் ஒத்துப்போனால் குறைத்துக்கொள்வது நல்ல வழி. குறைக்கும்போது வேக எல்லை கூடத்தான் செய்யும். குழாயில் நசுங்கலோ ஆழமான துருவோ இருந்தால் அந்தக் குழாய் வேண்டாம். குட்டையாக இருப்பதை நடுவில் துண்டு வைத்து நீட்டுவதை நான் ஏற்க மாட்டேன். முழுக் குழாயையும் மாற்றுங்கள். யோக்குகளை மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதைத் தரையில் வைத்துச் செய்ய முடியாது. லேத்தில் பழைய வெல்டைக் கடைந்து எடுத்து, யோக்கைக் குழாய்க்குள் இறுகச் செருகி, இரு யோக்குகளும் நேராக நிற்பதைப் பார்த்து, புள்ளி வெல்டு வைத்து, டயல் கேஜில் சுற்றிப் பார்த்த பிறகுதான் முழு வெல்டு. ஆட்டம் குழாயின் முனைகளில் 0.25 மி.மீ., நடுவில் 0.38 மி.மீ. தாண்டக் கூடாது. பழைய பாலன்ஸ் எடைத் துண்டுகளை எடுத்துவிட்டு மறுபடி பாலன்ஸ் செய்ய வேண்டும். வேலை கொடுக்கும்போது ஒரே தாளில் மைய நீளம், இரு முனைக் கிராஸ் வரிசை, பல் எண்ணிக்கை, அதிகபட்சச் சுற்று ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள்.

எந்தக் குழாயும் கணக்கில் அடங்காத நீளம் என்றால் இரண்டு துண்டு ஷாஃப்ட்டும் நடு பேரிங்கும்தான் வழி. முன் துண்டு கியர்பாக்ஸோடு ஏறத்தாழ ஒரே கோட்டில், அரை அல்லது ஒரு டிகிரிக்குள் போகட்டும். பின் துண்டின் இரு கோணங்களையும் சமமாக்குங்கள். நடு பேரிங் முன் துண்டை நகராமல் பிடித்துக்கொள்வதால் ஹவுசிங்கின் அசைவை ஏற்கும் சறுக்கு பின் துண்டில் இருக்க வேண்டும்.

பொருத்தி ஓட்டிப் பார்ப்பது

கிண்ணங்கள் யோக்கின் இருக்கையில் முழுதாக உட்கார்ந்தபின் முறுக்குங்கள். 1310, 1330 கிராஸ்களின் யூ போல்ட்டுக்கு 19 முதல் 23 நியூட்டன் மீட்டர் போதும். கைபலத்தைக் காட்டினால் கிண்ணம் நெளிந்து ஊசிகள் இறுகிவிடும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் நான்கு கிண்ணங்களின் சீல் வழியாகவும் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.

முதல் ஓட்டத்தில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உதறல் வந்தால் எந்த வேகத்தில் என்று குறித்துக்கொண்டு, ஆளில்லாத நேரான சாலையில் அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சின் சுற்றைக் குறையுங்கள். உதறல் நின்றால் எஞ்சின் பக்கமோ, பாரத்தில் மாறும் கோணமோ. நிற்காமல் தொடர்ந்தால் ஷாஃப்ட்டிலோ சக்கரத்திலோ தேடுங்கள். ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வு பாலன்ஸையோ வளைவையோ காட்டுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வந்தால் கோணம் தப்பு, அல்லது யோக்குகள் நேராக இல்லை. வண்டி நகரும் கணத்தில் மட்டும் உதறி, பிறகு சரியாகிவிட்டால் பட்டை முறுக்கிப் பினியன் தூக்குகிறது, அல்லது நடு பேரிங்கின் உயரம் சரியில்லை. ஷிம் வைத்து ஒரு டிகிரி மாற்றிப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் அடியில் போய் போல்ட்டுகளின் முறுக்கையும் கியர்பாக்ஸ் சீலில் கசிவையும் பாருங்கள். ஸ்லிப் யோக் உருளையில் பளபளப்பான தடம் எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் அது உள்ளே போய் வந்திருக்கிறது. தடத்துக்கும் முட்டும் இடத்துக்கும் நடுவே இடைவெளி மிச்சமிருந்தால் நீளம் சரி. பாரம் ஏற்றி ஓட்டலாம்.